மல்லாட்டைக் களத்து டிரில் மாஸ்டர்

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர் தங்கமான மனிதர். கழுத்தில் ஸ்டாப் வாட்ச், காலில் வெள்ளை ஷூ, கணுக்கால் வரைக்கும் நீலப் பேண்ட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, தலையில் நாலு முடி நரைக்கும்வரை காத்திருந்து வேலை வாங்கியவர். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு என் வீட்டுக்கு வந்தார். காபியை ஆற்றிக்கொண்டே, "உங்க காலத்துல இன்டர்வியூல இன்னா சார் கேட்டாங்க?" என்றார்.

"கத்தச் சொன்னாங்க" என்றேன்.

கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டு மரியாதைக்குச் சிரித்தார். நான் தமாஷ் பண்ணவில்லை. அதை விளக்கப் போனால் காபி ஆறிவிடும் என்பதால், எழுதியே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கட்டுரைதான் இது.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தைய வருஷங்கள். என் அப்பா சின்னப்பன், மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பண்ணைக்காரர் நிலத்தில் கூலி. எங்களுக்கு ஒரு குடிசை இருந்தது, அது நின்ற மனை பண்ணைக்காரருடையது. பங்குச் சாமியார் தயவில் பள்ளிக்கூடம் போனேன். அவர் தயவிலேயே சென்னைக்குப் போய் ஒரு வருஷம் உடற்பயிற்சிப் படிப்பும் படித்தேன். அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கர்லாக்கட்டை சுற்றினேன், கம்பியில் தொங்கினேன், உடம்பிலுள்ள எலும்புகளின் பெயரை எல்லாம் நெட்டுருப் போட்டேன், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கூச்சப்படாமல் நடக்கப் பழகினேன்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா என் அரைக்கால் சட்டையைப் பார்த்து, "துணி பத்தலியாடா?" என்று கவலைப்பட்டாள். அப்பா சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இத காட்டினா இன்னா வேல குடுப்பாங்க?"

"பள்ளிக்கூடத்துல பசங்கள ஓட வுடற வேல."

"பசங்க சும்மாவே ஓடுவானுங்களே?" என்றார் அப்பா. அதற்கு எனக்குச் சென்னையில் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் விழுப்புரம் போனேன். ஒரு பள்ளியில் கணக்குப் பாடமும் எடுப்பாயா என்றார்கள். நான் எடுத்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று உண்மையைச் சொன்னேன். இன்னொரு பள்ளியில் உடம்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்து வரவேற்றார்கள். "பலம் இருக்கா, பாப்போம்" என்று கீழே கிடந்த மேசை ஒன்றைக் காட்டி, மாடிக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன். இன்னொன்று என்றார்கள். அதையும் ஏற்றினேன். நாலாவது மேசையையும் ஏற்றி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றபோது, வேலை போன வாரமே நிரம்பிவிட்டதாகத் தெரிவித்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது.

கடைசியில் திண்டிவனத்தில் ஒரு ஹைஸ்கூலில் இடம் காலி என்று சாமியார் சொல்லி அனுப்பினார். பள்ளியின் பெயர் வேண்டாம். அதன் ஹெட்மாஸ்டர் வரதாச்சாரியார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

வரதாச்சாரியாருக்குப் பேச்சில் நம்பிக்கை கிடையாது. பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும் என்பது அவர் கட்சி. அதனால் எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டுக் காகிதத்தில் மெமோவாக எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. எழுதி முடித்ததும் மையை ஒற்றி எடுத்து, நாலாக மடித்து, பியூனிடம் கொடுப்பார். பியூன் அதை உரியவரிடம் சேர்ப்பார். உரியவர் மேசைக்கு எதிரிலேயே நின்றாலும் இதுதான் முறை. பியூன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காகிதத்தை நீட்டுவார். படித்துவிட்டுப் பின்னால் கையெழுத்துப் போட்டால், அதே வழியில் சுற்றிக்கொண்டு திரும்பப் போவார். ஹெட்மாஸ்டர் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு வந்த முதல் மெமோ: "மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் நின்று டிரில் ஆணைகளைக் கத்தவும்."

போய் நின்றேன். புரட்டாசி மாதம். பச்சைப் புல் படர்ந்த அகலமான மைதானம். இப்படி ஒரு மைதானத்தை வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு ஏன் ஆள் இல்லாமல் இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மேற்கு ஓரத்தில் பியூன் நின்றார். காதில் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. நான் அடிவயிற்றிலிருந்து "அட்டேன்ஷன்!" என்றேன். பியூன் கையைத் தூக்கினார். நடுவில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ரயில்வே கேட்டைப் பார்த்து ஓடியது.

இரண்டாவது மெமோ வந்தது. "குரல் போதும். நாளை முதல் வரவும். வேலை தற்காலிகம். தை மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் பார்வையிடுவார். 'திருப்தி' என்று எழுதினால் நிரந்தரம். இல்லையேல் இந்த வேலையே எடுக்கப்படும்."

சாமியார் சிபாரிசு செய்யக்கூடிய ஊரெல்லாம் தீர்ந்துவிட்டது. இதுவும் போனால் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று பண்ணைக்காரர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க வேண்டியதுதான். அந்தக் காகிதத்தை மடித்து ஞானஸ்நானச் சீட்டோடு வைத்துக்கொண்டேன்.

டிரில் மாஸ்டர் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த இங்கிலீஷ் ஆணைகள். வகுப்பில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளைகள் பலர். அவர்களைப் பார்த்து என்னைப் போன்றவன் தமிழில் "திரும்பு" என்று சொன்னால் மறுநாள் யாராவது சண்டைக்கு வருவார்கள். "திரும்புங்க" என்று சொன்னால் டிரில் மாதிரி இருக்காது. "ரைட் டர்ன்!" என்று கத்திவிட்டால் மிராசுதார் மகனும் திரும்புவான், தபால்காரர் மகனும் திரும்புவான்.

ஒருத்தன் மட்டும் கடைசியாகத் திரும்புவான். இராமலிங்கம். எங்கள் ஊர்ப் பண்ணைக்காரர் மகன்தான். திண்டிவனத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி நாலாவது பாரம் படித்துக்கொண்டிருந்தான். ஊரில் என் அப்பாவை "டேய் சின்னப்பா, வண்டியப் பூட்டுடா" என்பான். அப்பா அவனைச் "சின்ன எஜமான்" என்பார். இங்கே அந்தச் சின்னப்பன் மகன் விசிலோடு நிற்கிறான். பாவம், அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆஜர் எடுக்கும்போது மற்ற முப்பத்தொன்பது பேரும் "பிரசன்ட் சார்" என்பார்கள். இராமலிங்கம் "பிரசன்ட்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஒவ்வொரு நாளும் அடுத்த பெயரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நொடி காத்திருப்பேன். வராது. சொல்லக்கூடாதுதான், ஆனால் அந்த ஒரு நொடி எனக்கு வலித்தது.

மார்கழியில் மழை விட்டது. ஒரு நாள் காலையில் விசிலை ஊதிக்கொண்டு மைதானத்துக்குப் போனால், வரிசையாக மாட்டு வண்டிகள் நிற்கின்றன. மூட்டை மூட்டையாக மல்லாட்டையைக் கொட்டி ஆட்கள் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கு ஓரம், மேற்கு ஓரம், கோல் போஸ்டின் காலடி வரைக்கும் மல்லாட்டை. நடுவில் குடை பிடித்துக்கொண்டு மண்டிக்காரர் காதர் பாய் நின்றார்.

"பாய், இது இஸ்கூல் மைதானம்" என்றேன்.

"யாரு இல்லேன்னது வாத்தியாரே? எங்க வாப்பா குடுத்த எடந்தான். பள்ளிக்கூடம் பத்து மாசம், மல்லாட்ட ரெண்டு மாசம். அந்த காலத்துலியே பேசி முடிச்சது. நீங்க இன்னா புதுசா பேஜார் பண்றீங்க?"

ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். மெமோ தயாராக இருந்தது. "களம் காயும் வரை டிரில் பீரியட்டில் நூலகத்தில் அமைதியாகப் படிக்கவும்." அது போன வருஷத்து மெமோ. நம்பரை மட்டும் மாற்றியிருந்தார். எனக்கு முன்னால் மூன்று டிரில் மாஸ்டர்கள் வந்து போயிருந்தார்கள். ஏன் போனார்கள் என்று அப்போது புரிந்தது. இரண்டு மாதம் உட்கார்ந்திருந்த பையன்களை இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தினால் எப்படி நடப்பார்கள்? ஆளுக்கு ஒரு திசையில் நடப்பார்கள்.

மறுநாள் களத்தோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கிளறுவது கையால் அல்ல, காலால். வரிசையாக நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டு போவார்கள். மல்லாட்டை இரண்டு பக்கமும் ஒதுங்கும், அடியில் ஈரமாக இருந்தது மேலே வரும். ஏர் ஓட்டிய மாதிரி கோடு விழும். அடுத்த தடவை குறுக்கே போவார்கள். காலைத் தூக்கி வைத்தால் ஓடு உடையும், உடைந்தால் பருப்பு கெடும். காதருகே ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று சத்தம் போடும் வரைக்கும் இந்த நடை.

வரிசை, இடைவெளி, ஒரே சீரான அடி. சென்னையில் எங்களுக்கு வராத ஒழுங்கு.

நேராகப் பாயிடம் போனேன். "பாய், என் பசங்க நாப்பது பேரு. டிரில் பீரியட்ல களத்த கெளறிக் குடுக்கறோம். எங்களுக்கு எடம், உங்களுக்கு வேல."

பாய் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "ஒடைக்காம செய்வானுங்களா?"

"எங்க பொழப்புல ஏன் மண்ண போடற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கிளறும் பெண்களுக்குத் தலைவி அஞ்சலை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "படிக்கிற புள்ளைங்க சும்மா செஞ்சா, எங்களுக்கு யாரு கூலி குடுப்பா?"

பாய் அல்லா மேல் ஆணையிட்டு, கூலி குறையாது, பெண்கள் கல்லும் மண்ணும் பொறுக்கட்டும், பையன்கள் ஒழுங்காக நடக்கிறார்களா என்று அஞ்சலை பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அப்படித்தான் ஒரே களத்தில் இரண்டு டிரில் மாஸ்டர்கள் ஆனோம். நான் இந்தக் கோடியில் நின்று "லெஃப்ட், ரைட், லெஃப்ட்!" என்பேன். அஞ்சலை அந்தக் கோடியில் நின்று, "தூக்காத! காலத் தூக்காதடா! தேச்சுக்கினே வா!" என்பாள். எருமையை விரட்டிய என் குரல் அவள் குரலுக்கு முன்னால் எடுபடவில்லை.

முதல் நாளே இராமலிங்கம் வரிசையை விட்டு வெளியே நின்றுகொண்டான். "இது கூலிக்காரங்க வேல. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும் தெரியுமா?" என்றான்.

எனக்குத் தெரியும். என் வேலை போகும், அப்பாவின் வேலை போகும், குடிசையும் போகும். "ரைட் டர்ன்" என்று சொல்லக்கூட வரவில்லை.

அஞ்சலைக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வுடு வாத்தியாரே. அதுக்கு வராது. மெத்து மெத்துனு வளந்த காலு. நீ போய் நெழல்ல குந்து சாமி, வெயிலு ஆவாது."

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். இராமலிங்கத்தின் காது சிவந்தது. விறுவிறுவென்று களத்தில் இறங்கினான். பத்தடி போவதற்குள் ஓடுகள் நொறுங்கின, அவன் போட்ட கோடு பாம்பு போனமாதிரி வளைந்தது. மறுபடியும் சிரிப்பு. மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து தனியாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தும் பார்க்காததுபோல் கோல் போஸ்ட்டை ஆட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவது வாரம் அவன் கோடுதான் களத்திலேயே நேர்க்கோடு. அஞ்சலையே, "இவன் காலுதான் காலு!" என்று ஒத்துக்கொண்டாள். அவனை முன்வரிசையில் வலது ஓரத்தில், மற்றவர்கள் பார்த்து நடக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஆஜரில் மட்டும் பழைய "பிரசன்ட்"தான்.

தைக் கடைசியில் மெமோ வந்தது. அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் ஊர் ஊராக வரப்போவதில்லையாம். எல்லாப் பள்ளிகளும் விழுப்புரத்தில் ஒரே மைதானத்தில் கூடி அவர் முன் அணிவகுத்து நடக்க வேண்டும்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. என் பையன்களைப் போல் வரிசை பிடிக்க எந்தப் பள்ளியாலும் முடியாது. ரயிலில் ஹெட்மாஸ்டர், பியூன், கட்டுச்சோற்று மூட்டைகளோடு போய் இறங்கினோம். விழுப்புரத்து மைதானம் மொட்டை மைதானம், புழுதி கணுக்கால் ஆழம். பந்தலில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, தலைப்பாகை, கோட்டு, பளபளக்கும் பூட்ஸ். மற்றப் பள்ளிகள் முழங்காலை இடுப்புவரை தூக்கித் தூக்கி வைத்து நடந்தன. வரிசைதான் கோணல். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. "க்விக் மார்ச்!" என்று என் குரலை எல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

நாற்பது பையன்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். இராமலிங்கம் முதல் காலைத் தேய்த்தான். அவனைப் பார்த்து முப்பத்தொன்பது பேரும் தேய்த்தார்கள். அடி பிசகவில்லை, வரிசை பிசகவில்லை, இடைவெளி பிசகவில்லை. எண்பது கால்கள் ஒரே சீராகப் புழுதியைத் தள்ளிக்கொண்டு பந்தலை நோக்கிப் போயின. இரண்டு மாதமாக அந்த ஆணைக்கு அவர்களுக்குத் தெரிந்த நடை அது ஒன்றுதான். இது களம் அல்ல என்பது அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை. தோன்றியபோது பந்தல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சிவப்பு மேகத்துக்குள்ளிருந்து தும்மல் சத்தம் மட்டும் வந்தது.

"ஹால்ட்!" என்றேன். புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்ஸ்பெக்டரின் தலைப்பாகை காவி நிறத்தில் இருந்தது. சுற்றிலும் விசில், கைதட்டல், சிரிப்பு. அவர் மெதுவாக இறங்கி வந்து இராமலிங்கத்தின் முன்னால் நின்றார்.

"ஏம்பா, நீ ஏன் காலைத் தூக்கலை?"

"தூக்கினா ஓடு ஒடைஞ்சிடும் சார்."

இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸுக்குக் கீழே பார்த்தார். ஒரு காலைத் தூக்கியும் பார்த்தார். "எந்த ஓடு?"

"மல்லாட்ட ஓடு சார்."

"இங்க மல்லாட்டை எங்கப்பா இருக்கு?"

இராமலிங்கம் அப்போதுதான் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்தது. ஹெட்மாஸ்டர் கையில் பிரம்போடு வந்து நின்றார். மெமோ எழுதாமல் அவர் செய்யும் ஒரே காரியம் பிரம்படிதான்.

"இப்படி நடக்க யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இராமலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எங்க சார்" என்றான்.

நாலு மாதமாக நான் காத்திருந்த சொல். அது வந்த நேரத்தைப் பாருங்கள். என் வேலைக்கு உலை வைத்துக்கொண்டே வந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு அவன் முதுகில் பிரம்பு விழ விடக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. முன்னால் போய் நின்றேன்.

"தப்பு என்னோடதுங்க. பையன் நான் பழக்கினதத்தான் செஞ்சான். அவன அடிக்காதீங்க. வேலய வேணும்னா எடுத்துக்கங்க" என்றேன். களம், மல்லாட்டை, பாயின் வாப்பா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலை வண்டியில திண்டிவனம் வரேன். அந்தக் களத்தைப் பார்த்துட்டு எழுதறேன்" என்றார்.

திரும்பும் ரயிலில் ஹெட்மாஸ்டர் எனக்கு எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தார். வழியில் பேரணி என்ற ஊரின் ஸ்டேஷன் தாண்டியதும் எழுதத் தொடங்கினார். வண்டி ஆடியதில் எழுத்தும் ஆடியது. பக்கத்தில் இருந்த பியூன் எழுந்து, என் பக்கம் வந்து, மெமோவை நீட்டினார். "இன்றைய புழுதி குறித்து எழுத்து மூலம் விளக்கம் தரவும்."

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். பாய் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். நான் விசிலை ஊதினேன். பையன்கள் களத்தில் இறங்கித் தேய்த்தார்கள். நாற்பது கோடுகள் நூல் பிடித்த மாதிரி விழுந்தன. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார், காலுறையையும் கழற்றினார், களத்தில் இறங்கினார்.

மூன்றாவது அடியில் பழக்கதோஷத்தில் காலைத் தூக்கி வைத்தார். நறுக்கென்று சத்தம்.

"தூக்காத! காலத் தூக்காதய்யா! எத்தினி தபா சொல்றது?" என்று அஞ்சலை அலறினாள்.

ஹெட்மாஸ்டருக்கு உயிர் போய் வந்தது. நின்ற இடத்திலேயே மெமோ எழுதினார். "அந்த அம்மாள் உடனே வாயை மூடிக்கொள்ளவும்." பியூன் களத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி அதை அஞ்சலையிடம் சேர்த்தார். அஞ்சலைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏதோ கூலிச் சீட்டு என்று நினைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "குனியாத, நிமுந்து நட! ஹாங், அப்படி!" என்று தொடர்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் பாதிக் களம்தான் போனார். திரும்பி வந்து மூட்டைமேல் சாய்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். கோட்டு நனைந்திருந்தது. "இதைப் பசங்க முழு பீரியடும் செய்யறாங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"அந்தம்மா?"

"அவங்க இருவது வருஷமா செய்றாங்க."

மூட்டைமேல் நோட்டை வைத்து எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டினார். "மைதானம்: இல்லை. கால் வலு: மிக நன்று. ஆசிரியர்: திருப்தி. மாணவர்களுக்குக் காலைத் தூக்கவும் கற்றுத் தர வேண்டும்."

அன்று மாலை என் நிரந்தர நியமன மெமோ தயாராயிற்று. பியூன் களத்தில் மல்லாட்டை தின்னப் போயிருந்தார். வரதாச்சாரியார் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து, மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என் கையில் கொடுத்தார். என் தோளை ஒரு தட்டும் தட்டினார். அதற்கு நம்பர் கிடையாது.

ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, பையன்களை ஓடவிடும் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க அப்பா வந்தார். மயிலத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். நான் களத்தில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வராமல் வேலிக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

இராமலிங்கம் கவனித்துவிட்டான். வரிசையை விட்டு வெளியே வந்து என் முன்னால் அட்டென்ஷனில் நின்றான்.

"சார், ஒங்கப்பா வந்திருக்காரு."

சொல்லிவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் வேலிக்குப் போனான். "உள்ள வாங்க" என்று அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தான். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து களத்தோரம் போட்டு, கையால் தூசியைத் தட்டி, "ஒக்காருங்க" என்றான். பிறகு தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான். நல்லவேளை, என் வாயில் விசில் இருந்தது. ஊதினேன்.

அப்பா உட்காரவில்லை. "இருக்கட்டுங்க சின்ன எஜமான்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தப் பீரியட் முழுக்க நின்றார். மணி அடித்துப் பையன்கள் கலைந்த பிறகு கிட்டே வந்தார். குனிந்து ஒரு மல்லாட்டையை எடுத்துக் காதருகே ஆட்டிக் கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாளு காயணும். பாய்கிட்ட சொல்லிடுங்க, சார்" என்றார். கண் மட்டும் சிரித்தது. என் அப்பா என்னைக் கேலி செய்து நான் பார்த்தது அன்றுதான்.

சென்னையில் கற்றுக்கொடுத்தபடி குதிகாலை ஓங்கித் தரையில் அடித்து, விறைத்து நின்று, அவருக்கு ஒரு சல்யூட் வைத்தேன்.

காலடியில் நறுக்கென்று நாலைந்து ஓடு உடைந்தது.

"காலத் தூக்காதடா!" என்றார் அப்பா.